கள்ளனுக்கு நான் எடுத்து வைத்தவை

எங்கள் வீட்டில் இதுவரை ஒரே ஒரு முறைதான் களவு போயிருக்கிறது. அன்றைக்குக் கள்ளன் எதையெதை எடுக்கவேண்டும் என்று தெரிவு செய்து, தூசி துடைத்து, மேசையில் பரப்பி வைத்துவிட்டுப் போனது நான்தான். பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டில் இதை நான் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆரையம்பதிப் பக்கத்தில் நான் குடும்பநல உத்தியோகத்தர். சனங்களுக்கு மிட்வைஃப் மிஸ். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும், குழந்தைகளை நிறுப்பதும், ஊசிக்கு நாள் சொல்வதும் என் வேலை. இந்த வேலையில் கேட்காமலே கிடைப்பது ஊர்க்கதை. ஒரு வீட்டில் தேநீர் குடிக்கும்போது, "மிஸ், தெரியுமா, கோயிலடி வீட்டில கள்ளன் வந்து சங்கிலி ஒண்டு கொண்டு போயிற்றானாம்" என்பார்கள். அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அது இரண்டு சங்கிலியாகியிருக்கும். அதற்கடுத்த வீட்டில் கள்ளன் கையில் வாள் இருக்கும். பின்னேரம் வீடு திரும்பும்போது மாவட்டத்திலுள்ள கள்ளரெல்லாம் என் ஸ்கூட்டிக்குப் பின்னால் வரிசையாக வருவதுபோல எனக்கு இருக்கும்.

ஆகவே ஆமைப்பூட்டு வாங்கினேன். முதலில் ஒன்று. பிறகு எட்டு. கேற்றுக்கு இரண்டு, முன்கதவுக்கு இரண்டு, குசினிக் கதவுக்கு ஒன்று, அலுமாரிக்கு ஒன்று, கிணற்று மோட்டர்ப் பெட்டிக்கு ஒன்று. எட்டாவது கோழிக்கூட்டுக்கு. (கோழிகள் செத்து இரண்டு வருசம். ஆனாலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா?) எட்டுப் பூட்டின் திறப்புக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நான் நடந்தால், மாட்டுவண்டி வருகிறது என்று சனம் வழிவிடும்.

என் கணவர் தச்சு வேலை செய்பவர். நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எட்டாவது பூட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"கூரைக்கும் ஒண்டு போடுவமா?"

பகிடி என்று நினைத்து நான் முறைத்தேன். அவர் தொழில் அறிவோடு கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது.

வீடு என்னுடைய சீதன வீடு. அப்பா கட்டியது. அதனால் அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருந்தார்கள். அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். அந்த இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்தி, ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. அவர் காதுக்குள் இரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டில் பதில் சொல்வார்கள். அம்மாவுக்கோ ஒரு காது முழுதாகவும் மற்றது பாதியும் கேளாது. நாங்கள் கதைப்பதெல்லாம் அவருக்கு வாயசைவுதான். அப்பா கதைத்தால் மட்டும் அம்மா "என்ன?" என்று திருப்பிக் கேட்டதில்லை. நாற்பது வருசத்துக்கு மேல் அவர்கள் இருவரும் குடும்பம் நடத்தியதை எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன.

கடைசி இரண்டு வருசமும் அப்பாவுக்குக் கால் ஏலாமல் போய்விட்டது. கதிரையில் இருந்தபடியே உலகத்தை நடத்தட்டும் என்று லண்டனில் இருக்கும் என் தங்கச்சி ஒரு போன் அனுப்பினாள். அவருக்கு எழுத்து அமத்த வராது. ஆகவே குரலைப் பதிந்து பதிந்து எனக்கும் தங்கச்சிக்கும் அனுப்பினார். பிறகு படுக்கையில் விழுந்தார். பங்குனி மாதத்தில் போய்விட்டார். அவருடைய அறையைக் கூட்டித் துடைத்து, போனை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். அதன் முகக் கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருந்தது.

ஆடி பிறந்ததும் அம்மா சொன்னார்.

"புள்ள, இந்த முறை மாமாங்கத்துக்குப் போகத்தான் வேணும். அவருக்கு முதல் ஆடி அமாவாசை."

அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தத்துக்கு அன்றைக்கு எங்கள் ஊரே போகும். தகப்பனை இழந்தவர்கள் எல்லாரும் முழுகப் போவார்கள். அம்மா இதைச் சொன்னபோது கண் கலங்கியது. எனக்கும் கலங்கியிருக்கவேண்டும். எனக்கு வந்த முதல் யோசனை: ஊரே போனால் வீடுகளை யார் பார்ப்பது?

அந்த வாரம் முழுவதும் போனில் ஒரே வீடியோதான் பார்த்தேன். வீட்டைக் காப்பது எப்படி என்று ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு விளக்கினார். அவர் சொன்ன ஒரு விசயம் என் நெஞ்சில் ஆணியடித்ததுபோல் இறங்கியது. கள்ளன் வெறுங்கையோடு போகமாட்டானாம். கண்ணில் படுகிற இடத்தில் பெறுமதி இல்லாத சாமான் கொஞ்சம் வைத்தால், அதை அள்ளிக்கொண்டு அவசரமாகப் போய்விடுவானாம். உள்ளே தேடமாட்டானாம். இவ்வளவு கெட்டித்தனமான யோசனை எனக்கு ஏன் முதலே வரவில்லை என்று நான் வெட்கப்பட்டேன்.

ஆடி அமாவாசை காலையில் எல்லாரும் முழுகி வெளிக்கிட்டார்கள். நான் நகைகளை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் நின்றேன். தாலிக்கொடியைக்கூடக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன், கூட்டத்தில் அறுப்பார்கள் என்று. அரிசிப் பானை வேண்டாம், அதை எல்லாக் கள்ளருக்கும் தெரியும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், அது வீடியோவில் வந்துவிட்டது. கடைசியில் அப்பாவின் அறையில், அவருக்கு வாங்கி மிஞ்சிய பெரியாட்களின் பம்பஸ் பை கண்ணில் பட்டது. எந்தக் கள்ளனுக்கும் ஒரு மரியாதை இருக்கும், இதற்குள் கை விடமாட்டான். வீட்டுப் பவுன் எல்லாவற்றையும் அதற்குள் சுருட்டி வைத்தேன்.

பிறகு கள்ளனுக்குப் படையல். முன்னறை மேசையில் ஒரு தட்டம். அதில் கவரிங் சங்கிலி இரண்டு, ஓடாத கைக்கடிகாரம் ஒன்று, வெல்வெட் நகைப் பெட்டி ஒன்று (வெறும் பெட்டி). பார்த்தால் கொஞ்சம் வறுமையாக இருந்தது. இவ்வளவுதானா என்று கள்ளன் கோபப்பட்டு உள்ளே தேடினால்? லாச்சியைத் திறந்தேன். அப்பாவின் போன். எடுத்து அமத்திப் பார்த்தேன். வெளிச்சம் வந்தது. சார்ஜ் நிறைய இருந்தது. பங்குனியில் போன மனிதனின் போனில் ஆடியில் எப்படிச் சார்ஜ் நிறைய இருக்கும் என்று யோசிக்கிற மூளை எனக்கு அன்றைக்கு இல்லை. நல்லதாய்ப் போயிற்று, வேலை செய்கிற போன் என்று கள்ளன் சந்தோசப்படுவான் என்றுதான் நினைத்தேன். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, தட்டத்தின் நடுவில் வைத்தேன்.

வாசலில் நின்ற வான் வண்டிக்குள் அம்மா ஏறிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பாட பழைய சாமான் ஒண்டு ரெண்ட வெளிய வச்சிருக்கன்" என்றேன்.

அம்மா தலையாட்டினார். கேட்டுத்தான் ஆட்டினாரா என்று நான் பார்க்கவில்லை. எட்டுப் பூட்டையும் இழுத்து இழுத்துப் பார்க்கிற வேலை எனக்கு இருந்தது.

அமிர்தகழியில் சனம் சனமாகக் கிடந்தது. குளத்துப் படியில் கால் வைக்க இடமில்லை. திறப்புக்கொத்தை இடுப்பில் ஊசியால் குத்திக்கொண்டுதான் தீர்த்தத்தில் இறங்கினேன். முழுகும்போதும் ஒரு கை அதில்தான் இருந்தது. அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் மச்சான்தான் தர்ப்பைப் புல்லோடு ஐயருக்கு முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் அம்மா. பின்னால் நான், குசினி யன்னலின் கொழுக்கியைப் போட்டேனா இல்லையா என்று யோசித்தபடி.

"மாமனார்ர நட்சத்திரம் என்ன?" என்று ஐயர் கேட்டார்.

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"குசினி யன்னல்" என்றேன்.

ஐயர் நிறைய நட்சத்திரம் கேட்டவர். ஒரு கணம் மேலே பார்த்து யோசித்தார். அம்மாதான், "விசாகம்" என்றார். அவருக்குக் கேள்வி கேட்கவில்லை. எந்த இடத்தில் எதைக் கேட்பார்கள் என்று தெரிந்திருந்தது. எள்ளும் தண்ணீரும் விட்டபோது அம்மா சத்தமில்லாமல் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வெயில் ஏற முதல் போய்விடவேண்டும் என்று வான்காரனைத் தேடினேன். அப்பாவுக்கென்று இருந்த ஒரு காலை அது. அதை நான் எட்டுப் பூட்டுக்குக் கொடுத்தேன்.

மதியத்துக்குச் சற்று முன் வீட்டுக்கு வந்தோம். கேற்றில் இரண்டு பூட்டும் அப்படியே. முன்கதவில் இரண்டும் அப்படியே. நான் ஒவ்வொன்றாகத் திறக்க, மச்சான் வெயிலில் நின்று வியர்த்தார். உள்ளே போனால் குசினி வழக்கத்தைவிட வெளிச்சமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஆகாயம் தெரிந்தது. கள்ளன் ஓடுகளை வரிசையாகக் கழற்றி, ஒன்றுகூட உடையாமல், கூரையிலேயே அடுக்கி வைத்திருந்தான். எட்டுப் பூட்டில் ஒன்றையும் அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

முன்னறைக்கு ஓடினேன். தட்டம் வெறுமையாக இருந்தது. அப்பாவின் அறைக்கு ஓடினேன். பம்பஸ் பைக்குள் கை விட்டேன். எல்லாம் இருந்தது. தாலிக்கொடி, சங்கிலி, மகளின் காப்பு, எல்லாம்.

நான் செய்த ஆர்ப்பாட்டத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கை தட்டினேன். சிரித்தேன். சத்தம் கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கத்து மலர் அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று, கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து விளக்குகிற அதே குரலில் வகுப்பெடுத்தேன்.

"கள்ளன்ட மனசு நமக்கு விளங்கோணும் அக்கா. அவனுக்கு ஒரு குப்பையப் போட்டா, அவன் பவுன விட்டிற்றுப் போவான்."

"படிச்ச ஆக்கள் படிச்ச ஆக்கள்தான்" என்றார் மலர் அக்கா.

அப்போது அம்மா அறைக்குள்ளிருந்து வந்தார். முழுகின தலை இன்னும் காயவில்லை. லாச்சியைக் கழற்றிக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

"புள்ள, அப்பாட போன் எங்க?"

நான் மேசையைக் காட்டினேன். பிறகு கூரையைக் காட்டினேன். அம்மாவுக்கு விளங்கவில்லை. கிட்டப் போய், பாதி கேட்கிற காதுக்குப் பக்கத்தில் சத்தமாகச் சொன்னேன்.

"அது பழசுதானே அம்மா! கள்ளன் எடுக்கட்டும் எண்டு நான்தான் வச்சன்!"

அம்மா லாச்சியை மெதுவாகக் கதிரையில் வைத்தார்.

"அதுக்குள்ளதானே அவர் கதைக்கிற" என்றார்.

பன்னிரண்டு வயதான என் மகள்தான் அழுதுகொண்டு மிச்சத்தைச் சொன்னாள். அப்பா போய் முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு, அவள்தான் அம்மாவுக்கு அந்தப் போனைத் திறந்து காட்டியிருக்கிறாள். அப்பா எங்களுக்கு அனுப்பிய குரல் எல்லாம் அதில் வரிசையாக இருந்திருக்கிறது. எந்த இடத்தில் விரலை வைக்கவேண்டும் என்று அம்மா பழகிக்கொண்டார். நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பின், அப்பாவின் கட்டிலில் இருந்து கேட்பாராம். சார்ஜ் போடவும் பழகியிருக்கிறார். எனக்குச் சொல்லவேண்டாம் என்று மகளிடம் கேட்டிருக்கிறார், நான் பகிடி பண்ணுவேன் என்று.

மலர் அக்கா மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கையிலிருந்த தாலிக்கொடியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சிக்கு லண்டனுக்குப் போன் எடுத்தேன். அவள் வைகாசியில் போனை மாற்றியவள். பழையது ஒன்றும் அவளிடம் இல்லை.

"உன்னட்ட இருக்கும்தானே அக்கா? உனக்குத்தானே ஒவ்வொரு நாளும் அனுப்பினவர்?" என்றாள்.

"பாக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்க்க ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கிளினிக்கில் பிள்ளைகளின் நிறை அட்டைகளைப் படமெடுத்து எடுத்து என் போன் எந்நேரமும் நிரம்பிக் கிடக்கும். இடம் வேண்டுமென்றால் முதலில் நான் அழிப்பது அப்பாவின் குரலைத்தான். பாதியைக் கேட்டதே இல்லை. வீட்டுக்குப் போனால் மனிதன் நேரிலேயே கத்துவார், இதை வேறு ஏன் கேட்பது என்று நினைத்து மொத்தமாகத் தெரிவு செய்து அழித்துவிடுவேன்.

பொலிஸில் முறைப்பாடு எழுதிய உத்தியோகத்தர் நல்ல மனிதர். களவுபோன பொருளின் பெறுமதி என்ன என்று கேட்டார். அவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசியில் மச்சான், "தெரியா எண்டு போடுங்க சேர்" என்றார்.

அதற்குப் பிறகு நான் போகாத போன் கடை இல்லை. மட்டக்களப்பு ரவுண், ஏறாவூர், காத்தான்குடி, எல்லா இடமும் ஸ்கூட்டியில் போனேன். மூலையில் கண்ணாடி வெடித்த கறுப்புப் போன் யாரும் விற்க வந்தார்களா என்று கேட்டேன். மூலை வெடிக்காத போன் இந்த நாட்டில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று ஒரு கடைக்காரப் பெடியன் சிரித்தான். காத்தான்குடியில் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"புதுப் போனே எடுக்கலாமே மிஸ். அதுக்குள்ள அப்படி என்ன இருந்த?"

"அப்பாட குரல்."

அவர் கொஞ்ச நேரம் மேசையிலிருந்த சின்னத் திருகாணிகளை ஒதுக்கினார்.

"எங்கட வாப்பாட குரல் எங்கிட்டயும் இல்ல மிஸ். அவர்ர காலத்தில இதெல்லாம் எங்க? நம்பரைத் தந்திட்டுப் போங்க. வந்தா சொல்றன்."

சொன்னபடியே செய்தார். "மிஸ், ஒண்டு வந்திரிக்கி, ஒருக்கா வந்து பாருங்க" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுப்பார். ஒவ்வொரு முறையும் போனேன். ஒவ்வொரு முறையும் அது வேறு யாருடையதோ. ஒருமுறை திறந்ததும் ஒரு குழந்தை சிரிக்கிற சத்தம் வந்தது. நானாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அம்மா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். பகல் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல அந்தக் கட்டிலில் போய் இருப்பார். கை இரண்டும் மடியில் சும்மா கிடக்கும். நான் லீவு போட்டுவிட்டு நின்ற ஒரு பகலில் அதைப் பார்த்தேன். தாங்க முடியாமல் கிட்டப் போய் இருந்து சத்தமாகச் சொன்னேன்.

"என்னை ஏசுங்க அம்மா."

"உன்ன ஏன் ஏச? எனக்கு அந்தக் கள்ளன நினைச்சாத்தான் பாவமாக் கிடக்கு."

"கள்ளனயா?"

"அவன் தெரியாம எங்கயாச்சும் அமத்தியிருப்பான். அமத்தினா அவர் சும்மா விடுவாரா?" என்றார் அம்மா. பிறகு நிமிர்ந்து இருந்து, தொண்டையைச் செருமி, அப்பாவின் குரலில் கத்தினார். "மனே! பிரசர் குளிசை குடிச்சியா இல்லையா? வாயத் திறந்து சொல்லு!"

(ஆண் பிள்ளை இல்லாத குறையோ என்னவோ, அப்பா எங்கள் எல்லாரையும் 'மனே' என்றுதான் கூப்பிடுவார்.)

முற்றத்தில் பலகை சீவிக்கொண்டிருந்த மச்சான் வேலையை நிறுத்திவிட்டார். அடுத்த அறையிலிருந்து மகள், "மறுகா அந்தாள் பயத்தில குளிசை வாங்க ஓடியிருக்கும்!" என்று கத்தினாள். அம்மாவுக்கு அது கேட்டது. சிரித்தார். பங்குனிக்குப் பிறகு அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் எந்த இடத்தில் அழத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அதே இடத்தில்தான் தொடங்கியிருப்பேன்.

கள்ளன் பிடிபடவே இல்லை. ஆனால் இப்போது அவன் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. தங்கச்சி லண்டனிலிருந்து எடுத்தால் எங்கள் சுகத்தைக் கேட்டுவிட்டு, "கள்ளன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்பாள். "அவனுக்கென்ன, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்ல ஆள் இருக்கு" என்பார் மச்சான். விருந்தாளி வந்தால் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். கள்ளனுக்கு இன்றைக்கு என்ன ஏச்சு விழுந்திருக்கும் என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும். அம்மா நிமிர்ந்து இருப்பார். "மனே, தயிர் முடிஞ்சுது, சட்டியோட வாங்கிற்று வா." "மனே, அந்தப் பாலத்தடியில மெதுவாப் போ." எல்லாரும் சிரிப்பார்கள்.

இவற்றை அம்மா கற்பனையில் சொல்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒவ்வொன்றும் சொல் பிசகாமல் அப்பா அனுப்பியது. தினமும் கேட்டுக் கேட்டு அத்தனையும் அவருக்குப் பாடமாகியிருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் எனக்கு வந்தவை. நான் கேட்காமல் அழித்தவை. சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரித்தபடி, ஒவ்வொன்றாக இப்போதுதான் நான் அவற்றை முதல்முறையாகக் கேட்கிறேன்.

போன மாதம் மலர் அக்காவின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோதும் கதை நடந்தது. "கள்ளனுக்கு வேற என்ன சொன்னவராம்?" என்று யாரோ கேட்டார்கள். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கத்தினார்.

"மனே! வாவிப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகுது. மழை வரப்போகுது. எங்கயாச்சும் ஒரு வீட்டில நிண்டு வா. அவசரமில்ல, நாங்க சாப்பிட்டம்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்துபோய் வாசலில் நின்று, மழை வரப்போகுது என்று ஒரு சொல் சொல்ல இந்த வீட்டில் ஒருத்தரும் இல்லையா என்று நான் சண்டை பிடித்தேன். அப்பா கதிரையிலிருந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தலை துவட்டத் தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினார்.